மீட்டர்காரரின் சாப்பாட்டு மேசை

ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுப் பலகையின் ஓரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்க்கிறார். ஈரம் பட்ட இடம் கறுத்து, மரத்தின் வரிகள் எழுந்து நிற்கின்றன. தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். ஈரம் காய்வதற்குள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்க்கிறார். காய்ந்ததும் அடுத்த பலகைக்குப் போகிறார். என் கடையில் அடுக்கியிருக்கும் பைன் பலகைகளில் பாதி இவருடைய எச்சில் பட்டவை. "சாயம் ஏறினா இந்த நெறந்தாங்க வரும். மரம் முன்கூட்டியே சொல்லிடுது, நாமதான் கேக்கறதில்ல" என்பார். பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர் முகம் சுளித்தால் போதும், சட்டை நுனியால் அந்த இடத்தை அவசரமாகத் துடைத்துவிட்டு, தூங்கும் குழந்தையைத் தட்டுவது போல் பலகையை இரண்டு தட்டுத் தட்டுவார்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது இவருடைய உத்தியோகம். வயது ஐம்பதைத் தொடப் போகிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். ஊருக்கெல்லாம் மீட்டர்காரர். ஒரு நாளைக்கு நூறு கதவாவது இவருக்காகத் திறக்கும். திறந்ததும் மற்றவர்கள் கண் மீட்டருக்குப் போகும், இவர் கண் நாற்காலிக் காலுக்குப் போகும். ஒரு வீட்டில் மேசைக்கு அடியில் புகுந்து சட்டம் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். சமையலறையிலிருந்து வந்த அந்த வீட்டு அம்மா, "மீட்டர் வாசல்ல இருக்குப்பா. அங்க என்ன, மேசை எத்தனை யூனிட் இழுக்குதுன்னு பாக்கறியா?" என்று கேட்டிருக்கிறார். எழுந்த வேகத்தில் மண்டையை இடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றவர், அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போனபோதும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மீட்டரைப் பார்த்தார்.

நான் மரக்கடைக்காரன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். பலகையைத் தோளில் சுமந்து தொழிலுக்கு வந்தவனுக்கு இன்று இரண்டு கடை, ஒரு கிடங்கு, சாயம் வார்னிஷ் விற்கத் தனிப் பிரிவு. பட்டம் வாங்கிய எஞ்சினியர்கள் போன் செய்து, "எந்த மரம் போடலாம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். மிகைப்படுத்தவில்லை, யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். தெரிந்த மனிதர் ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று இந்தப் பத்திரிகையிலிருந்து கேட்டபோது, அரசியல்வாதி, டாக்டர், பள்ளிக்கூட முதலாளி என்று எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் வரிசையாக மனதில் வந்தார்கள். எல்லோரையும் தள்ளிவிட்டு மீட்டர்காரரை எடுத்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லப் பேனா கொஞ்சம் மறுக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

மாடிப்படிக்குக் கீழே, இரண்டு சைக்கிள் நிறுத்தும் அளவுக்கு இருக்கும் இடம்தான் அவருடைய பட்டறை. விடுமுறை நாளில் காலை டிபனை முடித்துக்கொண்டு உள்ளே போனால் இருட்டும் வரை ரம்பச் சத்தம் கேட்கும். செய்பவை எல்லாம் உறுதியாக இருக்கும், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அறுப்பது, இழைப்பது, மூட்டுப் போடுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. சாயம் பூசும்போதுதான் மனிதர் கவிழ்வார்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். செருப்பு வைக்கும் பெட்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். மூட்டில் வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். துடைத்த பசை மெல்லிசாகப் பரவி மரத்தின் வாயை அடைத்துவிட்டது. அந்த இடத்தில் எல்லாம் சாயம் ஏறாமல் தேமல் விழுந்தது போல் ஆகிவிட்டது. புத்தக அலமாரிக்கு வேறு வியாதி. டப்பாவின் அடிவரை கலக்காமலே பூச ஆரம்பித்தார். மேல் தட்டு வெளிறிய தேநீர் நிறம், கீழே வரவர அடிப்பிடித்த சட்டி நிறம். முக்காலியின் கதை எல்லாவற்றையும் விட மோசம். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதைப் பூசிவிட்டார். ஒரு மாதம் ஆகியும் பிசுபிசுப்பு நிற்கவில்லை. அதில் போய் உட்கார்ந்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். அன்று அவர் போட்டிருந்தது வெள்ளைக் கால்சட்டை. எழுந்தபோது முக்காலியும் கூடவே ஒரு முழம் எழுந்தது. அன்றிலிருந்து அவர் தங்கை வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால், "மாப்ள, இது காஞ்சுதா, இல்ல நான் நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

மனைவி கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம். முதல் முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, "உள்ள வாங்கய்யா. எங்க வீட்டுச் சாமான் எல்லாம் எங்களோட கோவிச்சுக்கிட்டுச் சுவத்தைப் பார்த்து நிக்கும், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று வரவேற்றார். மீட்டர்காரர் சிரித்துக்கொண்டே செருப்புப் பெட்டியை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் நகர்த்தினார்.

இந்த வீட்டில் ஆறு பேர் உட்காரும் மேசை ஒன்று தேவைப்பட்டது. அண்ணன் போன் செய்து, "நாங்க புதுசு வாங்கிட்டோம். பழசை உனக்கு அனுப்பி வைக்கறேன். மாப்ள செய்யற மேசையில வெச்சா தட்டு நிக்குமோ என்னமோ" என்றிருக்கிறார். நாள் முழுக்கப் புருஷனைக் கிண்டல் செய்கிற அதே அம்மாவுக்கு அன்று என்ன தோன்றியதோ. "வேண்டாண்ணே. எங்க வீட்டுக்காரரே செஞ்சுக்கிட்டிருக்கார். கடையில காசு குடுத்தாலும் இப்படி வராது. மரக்கடை ஐயாவே வந்து பார்த்துட்டுப் போறார்னா பார்த்துக்கயேன். அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை அண்ணியையும் கூட்டிக்கிட்டு வா, அதுலயே சாப்பாடு போடறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்துவிட்டுப் புருஷனிடம், "வாய்விட்டுட்டேன். என் மூக்கை உடைச்சிடாதீங்க" என்றார்.

இதை மீட்டர்காரர் என் கடையில் நின்று சொன்னார். "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல என்னைப் பத்தி ஒருத்தர்கிட்ட உசத்தியாப் பேசினது இதுதாங்க முதல் தடவை. அதுவும் அவங்க அண்ணன்கிட்ட" என்றார். பிறகு விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு பலகை பொறுக்கப் போய்விட்டார்.

அந்த மேசையை அவர் செய்ததைப் பார்த்தவன் நான். இத்தனை வருடத்துத் தப்புகளையும் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது போல் செய்தார். வழிந்த பசையைத் துடைக்கவில்லை. காய விட்டு உளியால் சீவினார். சாயத்தை அடிவரை கலக்கினார். எஞ்சிய துண்டுகள் ஏழில் ஏழு விதமாகப் பூசி, பின்பக்கம் தேதி போட்டு, சன்னல் வெளிச்சத்தில் ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் ஒன்று என்று பார்த்தார். உப்புத்தாளில் முரடு, நடுத்தரம், மெல்லிசு மூன்றும் போட்டார். பிறகு ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, மரத்தின் மயிர் சிலிர்த்து எழுந்ததும் மறுபடியும் மெல்லிசு போட்டார். கன்னத்தை வைத்துப் படுக்கலாம் போல ஆகிவிட்டது பலகை.

உப்புத்தாள் போட்டு முடித்த மரத்தின் மேல் வெறுங்கை படக்கூடாது. கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு மரத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. நாம் பூசுவது தண்ணீரில் கரையும் சாயம், எண்ணெய் மேல் ஏறாது. பூசும் அன்றைக்குத்தான் அந்த இடம் காட்டிக்கொடுக்கும். இதை அவருக்குச் சொன்னது நானேதான், கடையில் பத்துப் பேர் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அதைக் கேட்டதிலிருந்து மனிதர் இரண்டு கையிலும் வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டுதான் மேசையை நெருங்கினார். மனைவியைக்கூடத் தொட விடவில்லை. "காலுக்குப் போட வேண்டியதைக் கைக்குப் போட்டாச்சு. இனிமே கையை ஊனி நடந்துதான் மீட்டர் பாக்கப் போவார்" என்று அந்த அம்மா சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் பெருமை இருந்தது.

அண்ணனும் அண்ணியும் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேசையைப் பார்க்கப் போனேன். எனக்கு இடது முழங்கால் வலி. புறப்படும்போது கடையிலேயே உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டு போனேன். சாயத்துக்குத் தயாராக இருந்த மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். லேசில் பாராட்டுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அன்று, "தம்பி, இது மேசை" என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே இடது கையை அந்தப் பலகை மேல் விரித்து ஊன்றி, காலில் இருந்த பாரத்தைக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

காலுறை மாட்டிய கையில் அவர் ஒரு துணி வைத்திருந்தார். அந்தத் துணி ஒரு சாண் முன்னால் வந்தது. மறுபடி பின்னால் போனது.

"ஐயா..." என்றார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லைங்க. உக்காருங்களேன், நாற்காலி எடுத்துப் போடறேன்."

"நான் நின்னே வளர்ந்தவன் தம்பி" என்றேன். அந்த வார்த்தை நன்றாக வந்துவிட்டதாகத் தோன்றவே, எப்படி வளர்ந்தேன் என்பதையும் சொல்லத் தொடங்கினேன். சுமை தூக்கிய கதை, முதல் கடை போட்ட கதை, வெள்ளத்தில் கிடங்கு மூழ்கிய கதை. பத்து நிமிடம் இருக்கும். பத்து நிமிடமும் கை அங்கேயே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், "சரிங்க" என்பார். "பெரியவரே, கையை எடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல அவரால் முடியவில்லை. மேசையடியில் பிடிபட்ட வீட்டில் இரண்டாவது முறையும் மன்னிப்புக் கேட்ட மனிதரிடமிருந்து அந்த வார்த்தை எப்படி வரும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் அழைத்தபடி போனேன். வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணனும் அண்ணியும் மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். நல்ல பழுப்பு நிறம். நாற்பது நாள் உழைத்த நிறம். அதன் ஒரு மூலையில், யாரோ மாவில் தோய்த்து அழுத்தியது போல், வெளிறிய கை ஒன்று விரிந்து கிடந்தது. உள்ளங்கை, கட்டைவிரல், சுட்டுவிரல் முழுசாக இருந்தன. நடுவிரல் பாதியோடு நின்றிருந்தது.

இருபத்தாறு வயதில் அறுவை ரம்பம் என் இடது கை நடுவிரலில் பாதியை எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கடைக்கு வருகிறவர்களிடம் அந்த விரலைக் காட்டி, "இதுதான் நான் வாங்கின பட்டம்" என்று சொல்வது வழக்கம். அந்த அம்மா கடைக்கு வந்ததில்லை, அண்ணன் என்னைப் பார்ப்பது அன்றுதான். அன்று அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மீட்டர்காரர் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார். "நேத்து பூசினப்பத்தாங்க தெரிஞ்சுது. தின்னர் விட்டுத் துடைச்சேன். உப்புத்தாள் போட்டேன். இன்னொரு கோட்டிங் போட்டா மறைஞ்சிடும்னு பாத்தேன்..." இன்னொரு பூச்சு போட்டதும் சுற்றிலும் இருந்த மரம் மேலும் கறுத்திருக்கிறது. கை மேலும் வெளுத்திருக்கிறது. அவர் சொன்னது அவ்வளவுதான். யாருடைய கை என்று ஒரு சொல்கூட வாயிலிருந்து வரவில்லை. என் சட்டைப்பையைப் பார்த்தாரே தவிர, கால்சட்டைப் பையைப் பார்க்கவில்லை.

அண்ணன் விடுவதாக இல்லை. "மாப்ள, கம்பெனி முத்திரை குத்திட்டீங்களா? போலீஸ்காரன் கண்ணுல காட்டாதீங்க, மேசையை ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார். தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. "அது சரி, நடுவிரல் பாதிதான் இருக்கு. மீதியை எங்க வெச்சீங்க?"

"மடக்கி வெச்சிருப்பேன் மச்சான்."

"யாராவது ஒரு விரலை மட்டும் மடக்கிக்கிட்டுக் கை ஊனுவாங்களா?"

"பழக்கமாயிடுச்சு" என்றார் மீட்டர்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

சிரிக்காதவர் அவர் மனைவி. "அண்ணே, சும்மா இரு. ஐயா, நீங்க சொல்லுங்க, இது எதனால வரும்? சாயத்துல கோளாறா?" என்று என்னிடம் திரும்பினார். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் தன் வார்த்தை பிழைத்துக்கொள்ளும் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அது தெரிந்தது. 'அது என் கைம்மா.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அண்ணனின் சிரிப்பு மீட்டர்காரரை விட்டு என் பக்கம் வரும். கொஞ்ச நேரம் சிரிப்பார்கள், பிறகு சாப்பிட உட்காருவார்கள். அவ்வளவே. ஆனால் மர விஷயத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்து ஐம்பது வருடமாகிறது.

"வெறுங்கை பட்டா இப்படித்தாம்மா ஆகும்" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "இவர்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றும் சொன்னேன்.

அந்த அம்மா புருஷன் பக்கம் திரும்பினார். "காலுறை எல்லாம் மாட்டிக்கிட்டு என்னைக்கூடத் தொட விடலையே. கடைசியில உங்களுக்குக் கை வைக்க வேற எடமே கெடைக்கலையா? ஒரே ஒரு தடவை வாயைத் தொறந்து பெருமையாப் பேசினேன்..." மீதியைச் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாகக் கீழே வைக்கப்பட்டது.

"தப்புதான்" என்றார் மீட்டர்காரர். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த அண்ணன் கையில் அன்று இந்தப் பத்திரிகை சுருட்டியிருந்தது. அதனால்தான் எழுத ஒத்துக்கொண்டேன். மாதாமாதம் வாங்குகிறார் என்று கேள்வி. எனவே இந்தப் பக்கத்தையும் படிப்பார். ஐயா, அந்தக் கை என்னுடையது. உங்கள் மாப்பிள்ளைக்கு ஐந்து விரலும் முழுசாக இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது எண்ணிப் பாருங்கள். உங்கள் தங்கை சொன்னதில் பொய் கிடையாது. கடையில் காசு கொடுத்தாலும் அப்படி ஒரு மேசை வராது, விற்கிறவன் நான் சொல்கிறேன். இதை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை புறப்பட்டேன், இரண்டு முறையும் தெருமுனையிலிருந்து திரும்பிவிட்டேன். மீட்டர்காரர் இப்போதும் கடைக்கு வருகிறார், பலகைகளை எச்சில் படுத்துகிறார், "முழங்கால் எப்படிங்க இருக்கு?" என்று விசாரிக்கிறார். வேறு எதையும் கேட்பதில்லை.

அன்று நடந்ததன் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட உட்கார்ந்தோம். அந்த அம்மா தண்ணீர்க் கூஜாவைக் கொண்டுவந்து கையின் மேல் வைத்து மறைத்தார். இரண்டு பக்கமும் விரல்கள் வெளியே தெரிந்தன. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். நடுவில் அண்ணன், "பிடிங்க பெரியவரே" என்று ஒரு கனமான பாத்திரத்தை நீட்டினார். ஒரு கையால் தாங்குகிற கனமில்லை. நான் விழிப்பதற்குள் எதிர்ப் பக்கத்திலிருந்து மீட்டர்காரரின் கை நீண்டு வந்து வாங்கிக்கொண்டது. "ஐயாவுக்கு நான் வெக்கறேன் மச்சான்" என்றார். அண்ணன் இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி ஊர்க்கதை பேசினார். மேசை ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்தது. என் முழங்கால் பிடித்துக்கொண்டது. நாற்காலியிலிருந்து எழ வேண்டுமானால் எனக்கு ஒரு கையை எதன் மேலாவது ஊன்றியாக வேண்டும். வலது கை எச்சில். இடது கையை எடுத்தால் அது போய் ஊன்றுகிற இடம் மேசைதான். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "எழுந்திருங்க பெரியவரே, கை கழுவலாம்" என்று அண்ணன் எனக்காகக் காத்து நின்றார். அண்ணியும் நின்றார். நான் இல்லாத ஏப்பம் ஒன்றை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மீட்டர்காரர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றார். குனிந்து, என் மடியிலிருந்த இடது கையைத் தேடி எடுத்தார். பாதி விரல் வெளியே தெரியாதபடி அதைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடினார். அவருடைய நகக்கண்களில் சாயம் இன்னும் போகவில்லை. "மெதுவா எழுந்திருங்கய்யா, காலு மரத்துப் போயிருக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லித் தூக்கிவிட்டார். கை கழுவும் இடம் வரை அந்தக் கையை அவர் விடவில்லை.